மதியப் பள்ளி

"நீ எத்தனாவது படிக்கிற?" என்று பெட்ரீசியா மிஸ் கேட்டார். உதவிப் பணத்துக்கு விசாரிக்க அரசாங்க ஆபீசிலிருந்து புந்தோங்கிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா முந்திக்கொண்டார். "ஃபாரம் டூ மிஸ். மதியப் பள்ளி லா. அதான் உடுப்போட நிக்கிது."

ஃபாரம் ஒன்னுக்கு முந்தின ரிமூவ் வகுப்போடு நான் பள்ளியை விட்டு நின்று இரண்டு வருடமாகிறது. பழைய நீலப் பினஃபோர் சீருடை அக்குளை இறுக்கியது. "அக்கா, தும்மிடாத. பட்டன் பறந்து மிஸ் மேல அடிக்கும்" என்று தம்பி சீனி காதில் சொன்னான்.

ஈயச் சுரங்கத்தை மூடியதிலிருந்து அப்பா வேலை தேடி வெளியே அலைகிறார். அம்மா சீனர் சாப்பாட்டுக் கடையில் மங்கு, தட்டு கழுவுகிறார். அந்த நேரத்தில், அப்போது கைக்குழந்தையாயிருந்த தங்கை நவமணியைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் நின்றேன்.

"மேலிடத்துல காசு இல்லங்கிறாங்க அக்கா" என்றார் மிஸ் அம்மாவிடம். "இனிமே வீட்டுக்குன்னு கிடையாது. பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கு மட்டுந்தான், தலைக்கு இவ்வளவுன்னு."

சீனி பள்ளிக்குப் போகிறான்; அவன் பங்கு வாடகைக்கு. என் பங்கு வந்தால் நவமணிக்குப் பால்மாவு. இப்போது அவளுக்கு டின் பாலைத்தான் தண்ணீராகக் கரைத்துக் கொடுக்கிறோம். அவளுக்காக நிறுத்திய படிப்பை, அவளுக்காகவே படிப்பதாகச் சொல்ல வேண்டும். உண்மையிலேயே போனால் அவளை யார் தூக்கிவைத்துக்கொள்வது? எத்தனை முறை யோசித்தாலும் ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கிறேன்.

"நோட்டு ஏதாச்சும் காட்டேன்" என்றார் மிஸ் என்னிடம்.

நான் நவமணியை இடுப்பில் ஏற்றிக்கொண்டேன். அம்மா குசினிக்குப் போய், அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து என் நோட்டை எடுத்து வந்தார். நான் ஒளித்து வைக்கும் இடம் அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

"பொழுதன்னைக்கும் எழுதிக்கிட்டேதான் இருக்கும் மிஸ். ஒரு வரிகூட விடல பாருங்க."

மிஸ் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். நேற்று எழுதியது. 'நாளை மிஸ் வந்தால் நான் படிப்பதாகச் சொல்ல வேண்டும். அம்மா பினஃபோரைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.'

படித்துவிட்டு என் அக்குளில் பிரிந்திருந்த தையலைப் பார்த்தார். நவமணியின் புட்டியைப் பார்த்தார். பிறகு உதவிப் பணப் பாரத்தில் ஏதோ எழுதினார். அவர் கை மறைத்ததால் எனக்குத் தெரியவில்லை.

"நல்லா எழுதியிருக்கா மிஸ்?" அம்மா சிரித்தபடி கேட்டார்.

மிஸ் அந்தப் பக்கத்தை மட்டும் மெதுவாகக் கிழித்தார். இரண்டாக மடித்தார். ஆபீசில் யார் கண்ணிலும் படாதபடி, கோப்பில் வைக்காமல் கைப்பையின் அடியில் வைத்தார். நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, குடையை விரித்து வெயிலில் இறங்கிப் போனார்.