சூடேறினால் மட்டும் வரும் கோளாறு

மனைவியின் ஹேர் டிரையரை வேலைக்குத் தூக்கிக்கொண்டு வந்த முதல் என்ஜினியர் அவராகத்தான் இருப்பார். மேசையில் ஓடிக்கொண்டிருந்த நெட்வொர்க் கார்டின் மேல் சூடான காற்றைப் பிடித்தார். ஆறாவது நிமிடம், இணைப்பு இருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு அணைந்தது. காற்றை நிறுத்தினார். கார்டு கொஞ்சம் ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போல விளக்கு மறுபடி எரிந்தது.

போன வருடம் டிக்கெட் முன்பதிவு நடக்கும் பெரிய கணினியான மெயின்ஃப்ரேமில் இருந்துகொண்டு எல்லோரையும் பாடாய்ப் படுத்தியது இதே கார்டுதான். பிற்பகலில் திடீரென்று இணைப்பு அறும். ஓடிப் போய்ப் பார்ப்பதற்குள் தானாகச் சரியாகிவிடும். அவர் கார்டைக் கழற்றி, குளிரூட்டிய அறையில் மூன்று நாள் சோதித்தார். தங்கமாக வேலை செய்தது. ‘கோளாறு இல்லை’ என்று சீட்டு ஒட்டி, உதிரி பாகங்கள் அலமாரியில் வைத்துவிட்டார். மூடிய பெட்டிக்குள், பிற்பகல் நெரிசலில் அது எப்படிக் கொதிக்கும் என்று இருபது வருட அனுபவத்துக்குத் தோன்றவில்லை.

அந்த மூன்று நாளும் மெயின்ஃப்ரேமில் வேறு கார்டு. பிற்பகலில் அந்தக் கணினியைப் பார்த்துக்கொள்ளும் ஆப்பரேட்டரையும், சந்தேகத்தில், விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். இணைப்பு ஒருமுறைகூட அறவில்லை. கோளாறைத் தேடும்போது ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை மாற்றாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், ஆப்பரேட்டர்தான் கேபிளில் கை வைக்கிறான் என்று அறிக்கை எழுதினார். அவன் அவருடைய மனைவியின் தம்பி. சொந்தக்காரன் என்று காப்பாற்றினார் என யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற அவசரம் வேறு. அவனுக்கு வேலை போயிற்று.

நேற்று அதே கார்டை அலமாரியிலிருந்து எடுத்துப் பொருத்தினார்கள். பிற்பகலில் பழைய கதை. ஆப்பரேட்டர் மட்டும் வேறு ஆள்.

ஹேர் டிரையர் சோதனை முடிந்த அன்று மாலையில் மைத்துனன் வேலை செய்யும் பார்சல் கிடங்குக்குப் போனார்.

“அறிக்கைய மாத்தி எழுதிட்டேன். தப்பு கார்டுலதான். உன்னைத் திரும்ப எடுத்துக்குறதா சொல்லிட்டாங்க.”

மைத்துனன் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே கேட்டான். “நான் தொடலன்னு அன்னிக்கே சொன்னேன்ல மாமா?”

“சொன்ன.”

“கார்டை மூணு நாள் பாத்தீங்க. என்கிட்ட ஒரே ஒரு தடவைதான் கேட்டீங்க. அதுவும் மேனேஜர் முன்னாடி நிக்க வச்சு.”

அவருக்குத் தான் செய்தது பாவம் என்று தெரிந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

“எனக்கு வேலையெல்லாம் வேணாம் மாமா. அக்காகிட்ட மட்டும் சொல்லிடுங்க. நான் பொய் சொல்றேன்னு நெனச்சு ஒரு வருஷமா என்கிட்ட பேசல.”

தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். வண்டியைக் கிளப்ப மனம் வரவில்லை. என் தம்பி அப்படிச் செய்யமாட்டான் என்று மனைவி அன்றைக்கு அழுதபோது, பிள்ளைகள் மேல் சத்தியம் செய்து நம்ப வைத்தவர் அவர்தான்.