கோடு போட்ட செக்

"அங்கேயே நில்லுப்பா. இப்பதான் ஹோமம் முடிஞ்சிருக்கு," என்றாள் அக்கவுண்டன்ட்டின் மனைவி வசந்தகுமாரி. கதவைப் பாதி சாத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கார்மேகம் நின்றான். மணி பதினொன்று. பேங்க் ஒரு மணிக்கு மூடிவிடும். விசா கேன்சல் ஆகிவிட்டது, ராத்திரி ஃபிளைட். மஸ்கட்டில் ஏழு வருஷம் சிமெண்ட் சுமந்ததற்கான கடைசிப் பணம் ஒரே ஒரு காகிதமாக அவன் சட்டைப்பையில் கிடந்தது. அது காசாகாவிட்டால், மதுரை ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் மகள் நாகஜோதிக்குத் திங்கட்கிழமை இருதய ஆபரேஷன் நடக்காது.

செக்கின் மூலையில் பேனாவால் இழுத்த இரண்டு கோடுகள், நடுவில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து. பெயருக்கு உரியவனின் பேங்க் கணக்கில்தான் போடலாமாம், ரொக்கமாகத் தரக் கூடாதாம். மாதாமாதம் கவரில் சம்பளம் வாங்கிய லேபர் கேம்ப் ஆளுக்குக் கணக்கு ஏது? அவனோடு ஒரே ரூமில் படுத்து, ஒரே சைட்டில் வேலை பார்த்து, ஒரே நாளில் ஊர் திரும்பும் விஜயபாஸ்கரின் செக்கில் கோடே இல்லை. அவன் நேற்றே பணமாக்கி, பெட்டியும் கட்டிவிட்டான்.

ஏன் இந்த வித்தியாசம் என்று கார்மேகத்துக்குத் தெரியும். செக் எழுதும்போது அக்கவுண்டன்ட் அனந்தகிருஷ்ணன் இருவரிடமும் ஊர் கேட்டார். அவரும் சிவகங்கைப் பக்கம்தான். விஜயபாஸ்கரிடம் ஊரோடு நிறுத்திக்கொண்டார். இவனிடம் மட்டும், "ஊருக்குள்ளயா, காலனியா?" என்று கேட்டுவிட்டுப் பேனாவைச் சாய்த்துப் பிடித்தார். விமானத்தில் ஏறும்போது பெட்டியை எடை போட்டு அதிகப்படியை எடுத்து வெளியே வைக்கச் சொல்கிறார்கள். ஊரிலிருந்து தூக்கி வரும் இந்தச் சாதிச் சுமையை மட்டும் எவனும் எடை போடுவதில்லை.

"கோடு போட்ட செக்க எவனும் தொடமாட்டான். நான் எடுத்துக்கறேன், நூத்துக்கு முப்பது எனக்கு," என்றார் ரூவி கடைத்தெருச் சந்தில் கடை வைத்து செக் மாற்றித் தரும் கல்யாணசுந்தரம். முப்பது போனால் ஆபரேஷனுக்குக் காணாது. இன்று காலையில் பேங்குக்கு ஓடினான். கவுண்டரில் இருந்த லுக்மான் செக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, கோட்ட அடிச்சு, 'ரொக்கமா குடு'ன்னு எழுதி, செக்குல கையெழுத்துப் போட்டவரே பக்கத்துல இன்னொரு கையெழுத்துப் போட்டா இப்பவே தந்துருவேன். கல்யாணசுந்தரம் மாசாமாசம் அப்படித்தானே கொண்டாராரு! எல்லாத்துலயும் உங்க அக்கவுண்டன்ட் கையெழுத்துதான்."

கோடு போடுவதும் அதே கை, அடிப்பதும் அதே கை. நடுவில் முப்பது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது இதுதான். அரபி முதலாளி முழுப் பணத்துக்கும் தலையாட்டிவிட்டார்.

அனந்தகிருஷ்ணன் பட்டு வேட்டியோடு வாசலுக்கு வந்தார். "வீட்டுக்கெல்லாம் ஏன்டா வர்றே?"

"சார், ஒரு கையெழுத்து சார். பேங்க்ல சொன்னாங்க. பிள்ளைக்கு ஆபரேஷன் சார்."

"ரூல் மாத்த முடியாதுப்பா. உன் பாதுகாப்புக்குத்தான் கோடு. தொலைஞ்சாலும் வேற எவனும் எடுக்க முடியாது பாரு."

"விஜயபாஸ்கருக்குப் பாதுகாப்பு வேணாமா சார்?"

அவர் முகம் சுண்டியது. "கல்யாணசுந்தரத்துக்கிட்ட போ. கலாஸ், பேச்சு முடிஞ்சது."

கார்மேகம் கைகூப்பினான். காலில் விழக்கூடக் குனிந்தான், அவர் பதறிப் பின்னால் நகர்ந்தார். இரக்கத்தால் அல்ல, அவன் கை பட்டால் மறுபடி குளிக்க வேண்டும். அந்தப் பதற்றத்தைக் கார்மேகம் பார்த்தான்.  

நிமிர்ந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களைத் தாண்டி உள்ளே நடந்தான். வெல்வெட் சோபாவின் நட்டநடுவில் உட்கார்ந்தான். ஏழு வருஷத்தில் அவன் உட்கார்ந்த முதல் சோபா அது.

"ஏய்! எந்திரிடா!"

"கையெழுத்துப் போடுங்க சார், போயிடறேன். போடலைன்னா ஃபிளைட் ஏற மாட்டேன், இங்கயேதான் இருப்பேன். போலீசக் கூப்பிட்டாலும் சரி. விசா முடிஞ்சவன் உங்க வீட்டுல ஏன் உக்காந்திருக்கான்னு கேப்பாங்க, செக்கக் காட்டுறேன்."

அதற்கும் அவர் அசையவில்லை. போலீஸுக்குப் பதில் சொல்ல அவருக்குத் தெரியும். அதற்குள் வசந்தகுமாரியின் மொபைல் அடித்தது.

"என்னங்க, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டவங்க எல்லாரும் கீழ வந்துட்டாங்க! லிஃப்ட்டுல ஏறுறாங்க! இவன் இங்க உக்காந்திருக்கிறத பாத்தா நம்ம வீட்டுல யாரு கை நனைப்பாங்க? போட்டுத் தொலைங்களேன்!"

ஒரு குழந்தையின் இருதயம் அவரை அசைக்கவில்லை. கூப்பிய கை அசைக்கவில்லை. காலனிக்காரன் ஒருவன் தன் சோபாவில் உட்கார்ந்திருப்பதை நாலு பேர் பார்த்துவிடுவார்கள் என்றதும் சாமி படத்தருகே வைத்திருந்த மைப்பேனாவை எடுக்க ஓடினார். கோட்டை இழுக்கச் சொன்ன சாதிதான் அதை அடிக்கவும் சொன்னது. இரண்டு கோடுகளையும் அடித்தார், எழுதினார், கையெழுத்துப் போட்டார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. செக்கை எட்ட நின்று அவன் மடியில் எறிந்தார்.

"போ! யல்லா! சீக்கிரம் போ!"

வெளியே லிஃப்ட் நிற்கும் சத்தம், பெண்களின் சிரிப்பு, வளையல் ஒலி. கார்மேகம் செக்கை எடுத்து, லுக்மான் சொன்ன மூன்றும் இருக்கிறதா என்று எழுத்துக்கூட்டிப் பார்த்தான். பிறகு அதை ஊதினான்.

"மை காயட்டும் சார்," என்று சொல்லி, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.