பிளீச்சிங் பவுடர் மரியாதை

என் பாக்டீரியா இரண்டு தடவை செத்தது. இரண்டு தடவையும் மரியாதையால்தான் செத்தது.

முதல் சாவு கல்லூரி ஆய்வகத்தில். ஆயுத பூஜைக்கு யாரோ ஒரு புண்ணியவான் டீப் ஃப்ரீசருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சீரியல் செட்டுக்குப் பிளக் பாயிண்ட் கிடைக்காமல் அந்த ஃப்ரீசரின் பிளக்கையே பிடுங்கியிருக்கிறார். பிறகு தொடர் விடுமுறை. நான் வந்து திறந்தபோது உள்ளே எல்லாம் வெதுவெதுவென்று இருந்தது. எத்தனை தட்டில் வளர்த்துப் பார்த்தும் ஒன்றும் முளைக்கவில்லை.

அது சாதாரணக் கிருமி இல்லை. மயிலாடும்பாறைப் பக்கம் சுருளியாண்டி என்பவரின் கொள்ளுக்காட்டில் இரும்பும் மாங்கனீசும் மண்டிய கறுப்பு மண் ஒரு பட்டையாக ஓடுகிறது. இரண்டு கட்டில் அகலம்தான் இருக்கும். ஒரு சாண் தோண்டினால் பாறை. அந்த மண்ணிலிருந்து, துரு நிறத்தில் புள்ளி புள்ளியாக வளர்கிற ஒன்றைப் பிரித்தெடுத்தேன். அதன் மரபணு வரிசை உலகத்தில் இதுவரை பதிவான எந்த இனத்தோடும் ஒட்டவில்லை. புது இனம்! பெயர் வைக்கிற பாக்கியம் ஜெசிந்தாவாகிய எனக்கு. ஆனால் உயிருள்ள வளர்ப்பை இரண்டு வெவ்வேறு நாட்டுச் சேமிப்பகங்களில் கொடுத்து வைத்தால்தான் அந்தப் பெயர் செல்லும். செத்ததைக் காட்டிப் பெயர் வைக்க முடியாது. என் முனைவர் பட்டமே அந்தக் கிருமி உயிரோடு இருப்பதை நம்பித்தான் இருந்தது.

சரி, மறுபடி மண்ணெடுத்துப் பிரித்தால் போயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். என் வழிகாட்டி, பேராசிரியை சுகிர்தம், தானும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று மதுரையிலிருந்து கிளம்பினார். பெரிய பேராசிரியர் வருகிறார் என்று சுருளியாண்டிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

நம் ஊரில் மந்திரி வந்தாலும் கலெக்டர் வந்தாலும் ரோட்டோரம் பிளீச்சிங் பவுடர் கோடு போடுவோம். கோட்டின் கனத்தைப் பார்த்தே வருகிறவரின் தகுதியைச் சொல்லிவிடலாம். அந்தக் கணக்கில் எங்கள் பேராசிரியை முதலமைச்சருக்கும் மேலே. வண்டியை விட்டு இறங்கிய இடத்திலிருந்து வெள்ளைக் கோடு எங்களைக் கூட்டிக்கொண்டு போனது. கோட்டின் முடிவில் என் கறுப்பு மண் வெள்ளை வெளேரென்று கிடந்தது. பேராசிரியை தும்ம ஆரம்பித்தார்.

சுருளியாண்டி வெள்ளை வேட்டியில் கும்பிட்டபடி நின்றார்.

"கிருமி கெடக்குற எடம்னு நீங்கதான டீச்சர் சொன்னீக. அவ்வளவு பெரியவுக கால் வைக்கிறாகளேன்னு தண்ணியில கரைச்சும் ஊத்திட்டேன். இனி ஒரு பூச்சி இருக்காது."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. நான் தேடி வந்ததே அந்தக் கிருமியைத்தான் என்று பேராசிரியை தும்மலுக்கு நடுவே விளக்கினார். சுருளியாண்டியின் முகம் விழுந்துவிட்டது. அவர் மனைவி பாண்டீஸ்வரி, தான் கொண்டுவந்த இளநீரை யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல், கடைசியில் தானே குடித்துவிட்டார்.

அப்போதுதான் கவனித்தேன். வெள்ளை நிறம் வரப்போடு கத்தியால் வெட்டியதுபோல நின்றிருந்தது. அந்தப் பக்கம் கறுப்புப் பட்டை கறுப்பாகவே தொடர்ந்தது. அங்கே ஏன் போடவில்லை என்று கேட்டேன். அது அண்ணன் ஒச்சாண்டியின் காடாம். அவர் காட்டுக்கு இவர் ஏன் மரியாதை செய்ய வேண்டும்? பாகம் பிரித்தபோது வந்த சண்டையில், ஒரு பிடி மண்கூடத் தம்பிக்குத் தரமாட்டேன் என்று அண்ணன் ஊர் நடுவில் சொல்ல, செத்தாலும் கேட்கமாட்டேன் என்று இவரும் சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. அந்தச் சண்டைக்கு நான் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

வரப்பைத் தாண்டிப் போனேன். மோட்டார் ரூம் நிழலில் கட்டில் போட்டுப் படுத்திருந்த ஒச்சாண்டி, தலையை மட்டும் தூக்கினார். நாட்டுக்கு, அறிவியலுக்கு, கடைசியில் என் படிப்புக்கு என்று எல்லாக் காரணமும் சொல்லிக் கெஞ்சினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அள்ளுகிற மண் தம்பி காட்டு வழியாகத்தானே ரோட்டுக்குப் போகும் என்றார். ஆமாம் என்றேன்.

"அப்ப அவன் வந்து கேக்கட்டும்."

திரும்பி வந்து சொன்னேன். சுருளியாண்டி வானத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், என் வீங்கிய கண்ணைப் பார்த்தார். அவரைப் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாண்டீஸ்வரிதான் சொன்னார், கொன்றவர்தான் போக வேண்டும் என்று.

சுருளியாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வரப்பைத் தாண்டினார். கட்டிலுக்குப் பத்தடி தள்ளியே நின்று, அண்ணனைப் பார்க்காமல் மோட்டாரைப் பார்த்துப் பேசினார்.

"ஒரு பிடி மண்ணு வேணும்ணே."

ஒச்சாண்டி எழுந்து உட்கார்ந்தார். நான் கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் கட்டிலுக்கடியில் கிடந்த மண்வெட்டியை இழுத்தார்.

"பிடி மண்ணு அந்தப் பிள்ளைக்கு எப்படிடா காணும்? சாக்க விரிச்சுப் பிடி."

தம்பி சாக்கைப் பிடிக்க, அண்ணன் வெட்டிப் போட்டார். எனக்குத் தேவை ஒரு டம்ளர் மண். அவர்கள் அரைச் சாக்கு நிரப்பினார்கள். கிருமி நீக்கிய கரண்டியால் அள்ள வேண்டும் என்கிற விதியெல்லாம் எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. அவர்கள் தள்ளிப் போன பிறகு, மண்வெட்டி படாத மூலையில் என் கரண்டியால் சத்தமில்லாமல் அள்ளிக்கொண்டேன்.

ஒரு மாதம் போல ஆனது. ஒரு காலையில் தட்டில் துருப்புள்ளிகள். மரபணு வரிசை பழையதோடு அப்படியே பொருந்தியது. பேராசிரியை போனிலேயே அல்லேலூயா பாடினார். அடுத்து சுருளியாண்டியைக் கூப்பிட்டு, உங்கள் கிருமி பிழைத்துவிட்டது என்றேன்.

அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்டார். இனிமேல்தான் அவருக்குப் போன் போட வேண்டும் என்றேன்.

"போடாதீக டீச்சர்," என்றார் அவசரமாக. "நானே போயிச் சொல்லிக்கிறேன்."