சம்பந்தி வீட்டுக் கள்ளி

"உங்க வீட்டுல பிளாஸ்டிக் செடிகூட வாடிடும் போலிருக்கே, சம்பந்தி!"

கல்யாணம் முடிந்து மகளைப் பார்க்க முதன்முதலாக வந்த அன்றே பல் டாக்டர் இப்படிச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், ஹால் மூலையில் மஞ்சளித்துக் கிடந்த மணி பிளான்டைச் சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்து 'ச்சு' கொட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா இன்ஸ்பெக்டரும் சிரித்தார். வாய் மட்டும்தான் சிரித்தது.

அவர் போலீஸ் இன்ஸ்பெக்டர் அல்ல, லிப்ட் இன்ஸ்பெக்டர். ஊரில் பாதிக் கட்டடங்களில் மனிதர்கள் ஏறியதும் இறங்கியதும் அவர் கையெழுத்தை நம்பித்தான். ஓய்வு பெற்ற பிறகும், கதவு மூடும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவார். நாற்காலியில் சாய்ந்து உட்காருவதைக்கூடத் தோல்வியாக நினைக்கும் முதுகு அவருடையது. "எங்க குடும்பத்துகிட்ட ஒப்படைச்ச பொருள் ஒப்படைச்சபடியே திரும்பி வரும்" என்று அடிக்கடி சொல்வார். அவருக்கு அதைச் சொன்னவர் அவருடைய அப்பா. அப்பாவுக்குச் சொன்னவர் தாத்தா. இந்தக் குடும்பத்திடம் யார், எதை, எப்போது ஒப்படைத்தார்கள் என்று மட்டும் எந்தத் தலைமுறையிலும் யாரும் கேட்டதில்லை.

ஆகவே, பல் டாக்டர் தம்பதி இரண்டாவது மகனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று சில மாதம் வெளியூர் கிளம்பியபோது, அவர்களுடைய கள்ளிச்செடியை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு எழுந்ததும் இன்ஸ்பெக்டர் விறைத்து எழுந்தார்.

"எங்க வீடு எதுக்கு இருக்கு?"

பல் டாக்டரின் முகம் சுருங்கியது. அந்தக் கள்ளி அவருக்கு மூத்த பிள்ளை மாதிரி. கிளினிக் தொடங்கிய காலத்தில் கைக்குள் அடங்கும் உருண்டையாக வாங்கியதாம். இப்போது நல்ல பூசணிக்காய் அளவு. உடம்பெல்லாம் பொன்னிற முள். ஓரம் உடைந்த நீலப் பீங்கான் தொட்டியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருக்கும்.

"உங்களால முடியுமா, சம்பந்தி? ஒண்ணும் செய்யக் கூடாது. அதுதான் கஷ்டம்" என்றார். "வெயில் வர்ற ஜன்னல்கிட்ட வையுங்க. வாரம் ஒருதடவை கொஞ்சம் திருப்பி விடுங்க, இல்லேன்னா வெளிச்சத்துப் பக்கமா சாய்ஞ்சிடும். மண்ணு அடி வரைக்கும் காய்ஞ்ச பிறகு தண்ணி. மாசத்துக்கு ஒருதடவை போதும். மத்த நாள் அது இருக்கிறதையே மறந்துடுங்க. மறதிதான் மாப்பிள்ளைக்கு நல்லா வருமே."

போகிற போக்கில் மகனுக்கும் ஒரு குத்து. இன்ஸ்பெக்டர் அதையும் நெஞ்சுக்குள் முடிந்துகொண்டார்.

கள்ளி ஆறாவது மாடிக்கு லிப்டில் வந்து சேர்ந்தது. இன்ஸ்பெக்டர் பழைய பெட்டியிலிருந்து, கோணல் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்துத் தொட்டியின் விளிம்பில் வைத்துப் பார்த்தார். கண்ணாடிக்குள் குமிழி நடுவில் நின்ற பிறகுதான் நிமிர்ந்தார். பிறகு வீட்டாரைக் கூட்டினார். மனைவி, மகன், மருமகள் மூவரும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"இதுக்குத் தண்ணி ஊத்துறது நான் மட்டும்தான். வேற யாரும் கை வைக்கக் கூடாது."

"முள்ளு மேல யாருங்க கை வைப்பா?" என்றாள் மனைவி.

ஆனால் கௌரவமான குடும்பத்தில் ஒரு சிக்கல் உண்டு. எல்லோருக்கும் கௌரவம் இருக்கும். வீடு தேடி வந்த உயிருக்கு ஒரு வாய் தண்ணீர்கூடத் தராமல் தான் மட்டும் காபி குடிப்பது மனைவிக்கு ஒப்பவில்லை. தினமும் காலையில், கணவர் நடக்கப் போனதும், அரை டம்ளர் சாய்த்தாள். மகன் ஆபீஸிலிருந்து வந்ததும் பாட்டிலில் மிச்சமிருந்ததைக் கவிழ்த்தான். மாமனார் சொன்ன 'மறதி' அவனையும் குத்தியிருந்தது. மருமகளின் பாடுதான் மோசம். செடி செத்தால் பிறந்த வீட்டிலும் பேச்சு, புகுந்த வீட்டிலும் பேச்சு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அவளும் மத்தியானத்தில், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஒரு குவளை ஊற்றினாள். ஒவ்வொருவரும் மற்றவர்கள் ஊற்ற மாட்டார்கள் என்று நம்பினார்கள். அவ்வளவு கட்டுப்பாடான குடும்பம்.

கள்ளி பருத்தது. பளபளத்தது.

"பார்த்தியா?" என்றார் இன்ஸ்பெக்டர் மனைவியிடம். "நம்ம வீட்டுக்கு வந்து சதை போட்டிருக்கு. அங்கே பட்டினி போட்டிருக்காரு மனுஷன்."

அந்தப் பெருமிதத்தில் மாதத்துக்கு ஒருமுறை என்பதை அவரும் வாரத்துக்கு ஒருமுறையாக மாற்றிக்கொண்டார்.

பல் டாக்டர் திரும்பி வருகிற வாரம் அது. இன்ஸ்பெக்டர் வழக்கம்போலச் செய்தித்தாளை நாலாக மடித்துக் கள்ளியைச் சுற்றிப் பிடித்து, வெயில் படாத பக்கத்தை ஜன்னலுக்குத் திருப்பினார். திரும்பியது செடி மட்டும்தான். தொட்டி அப்படியே இருந்தது. பூசணிக்காய் கையோடு வந்துவிட்டது. அடிப்பாகம் கூழாகித் தொட்டிக்குள் தங்கிவிட்டது. ஒரு நாற்றம் எழுந்து ஹாலைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியது.

முதுகு வளையாமல் அவர் செடியைப் பிடித்தபடியே நின்றார்.

"யாரு தண்ணி ஊத்தினது?"

மூவரும் தரையைப் பார்த்தார்கள். முதலில் மருமகள் வாய் திறந்தாள்.

"ஒரே ஒரு குவளைதான், மாமா. தினமும்."

"தினமுமா? நானும்தானேடி ஊத்தினேன்!" என்றாள் மாமியார்.

மகன் மெதுவாகக் கையைத் தூக்கினான், வகுப்பறையில் தூக்குவதுபோல.

இன்ஸ்பெக்டருக்கு இது புதிதல்ல. பாரம் தாங்காமல் நின்றுபோன லிப்டுக்குள்ளிருந்து வெளியே வருகிற ஒவ்வொருவரும் 'நான் ஒல்லிதானே சார்' என்றுதான் சொல்வார்கள். தன் பங்கை மட்டும் அவர் அந்த விசாரணையில் சேர்க்கவில்லை. விசாரிப்பவர் எப்படிச் சாட்சி சொல்வது?

"செடிதானேங்க. சொல்லிடலாம்" என்றாள் மனைவி.

"செடி இல்ல, வாக்கு" என்றார் அவர். "அந்த ஆளு வந்து மறுபடியும் 'ச்சு' கொட்டுவான். அதை நான் கேக்கணுமா?"

அடுத்த நாள் நர்சரிக்குப் போனார். அந்த அளவில் ஒரே ஒரு கள்ளிதான் இருந்தது. அதன் தலையில் செக்கச் சிவப்பில் ஒரு பூ.

"பூ இல்லாதது வேணும்."

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் பூ இருக்கிறதைத்தான் சார் கேப்பாங்க. பொண்ணு நல்லா இருக்கா, மூக்கு மட்டும் வேண்டாம்னு சொல்ற மாதிரி இருக்கே."

வீட்டுக்கு வந்து நீலத் தொட்டியைக் கழுவி, புது மண் போட்டு, செடியை நட்டார்கள். பூவைக் கிள்ளப் போன மருமகள் கையை இழுத்துக்கொண்டாள்.

"மாமா, இது பூக்கலை. காய்ஞ்ச பூவைப் பசை போட்டு ஒட்டியிருக்காங்க. பிச்சா தோலோட வரும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். பூசணிக்காய்க்குப் பூவும் வைத்து மறைக்க வேண்டிய நிலைமை இந்தக் குடும்பத்துக்குத்தான் வந்தது. இன்ஸ்பெக்டர் யோசித்தார்.

"யாரும் பொய் சொல்லக் கூடாது. நம்ம குடும்பத்துல பொய் கிடையாது. அவரா என்ன நினைச்சுக்கிறாரோ நினைச்சுக்கட்டும்."

பல் டாக்டர் வந்தார். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் ஜன்னலருகே போனவர், அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார்.

"பூத்திருக்கு" என்றார். "என்கிட்ட இத்தனை வருஷம் இருந்துச்சு. ஒரு மொட்டு விட்டதில்ல. கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கு..."

"பிள்ளை பெத்தவ இளைக்க மாட்டாளா?" என்றாள் இன்ஸ்பெக்டரின் மனைவி, சமையலறை வாசலிலிருந்து. அது பொய்யில் சேராது, பொது அறிவு.

"என்ன செஞ்சீங்க, சம்பந்தி? உண்மையைச் சொல்லுங்க."

உண்மையைத்தானே கேட்கிறார்! இன்ஸ்பெக்டர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"தண்ணி ஊத்தினோம். வீட்டுல அத்தனை பேரும். தினமும்."

ஒரு வார்த்தை பொய்யில்லை. பல் டாக்டர் கள்ளியைக் கைக்குழந்தைபோல் அணைத்துக்கொண்டு லிப்டில் இறங்கினார். 'ச்சு' கொட்டவில்லை. அன்று இன்ஸ்பெக்டருக்கு இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பாடு இறங்கியது.

மருமகள்தான் சாப்பிடவில்லை. "மாமா, எங்கப்பா இப்ப வீட்டுக்குப் போய்க் குடம் குடமா ஊத்துவாரு."

இன்ஸ்பெக்டர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார். எச்சரித்தால் குட்டு வெளியே வரும். எச்சரிக்காவிட்டால் நம்பி வந்தவனைக் குழியில் தள்ளிய பாவம். ஒரு வாரம் மென்று விழுங்கிவிட்டுப் போன் செய்தார்.

"சம்பந்தி, தண்ணி விஷயத்துல கொஞ்சம் அளவா..."

"ஏன், உங்க வீட்டுல பூத்தது என் வீட்டுல பூக்கக் கூடாதா? அவ்வளவு பொறாமையா?" என்று போனை வைத்துவிட்டார் பல் டாக்டர்.

கொஞ்ச காலம் கழித்து அழைப்பு வந்தது. "செடியைப் பார்க்க வாங்க. குடும்பத்தோட."

குடும்பத்தோடு போனார்கள். நீலத் தொட்டி ஜன்னலோரம் இருந்தது. அதில் கள்ளி. கள்ளியின் தலையில் பழைய சிவப்புப் பூ. பக்கத்தில் புதிதாக ஒரு மஞ்சள் பூ.

"எங்க வீட்டுல ரெண்டு" என்றார் பல் டாக்டர்.

பெண்கள் உள்ளே போனார்கள். மாப்பிள்ளை, மறதியாக, போனைக் காரிலேயே விட்டுவிட்டு வந்ததால் கீழே இறங்கினான். ஹாலில் சம்பந்திகள் இருவரும் கள்ளியும்தான்.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். இந்தக் கள்ளி அவர் கடையில் வாங்கிக் கொடுத்த கள்ளியும் அல்ல. முள்ளின் நிறம் வேறு, வரிகள் வேறு. தப்பான கம்பியை மாட்டிய லிப்டைப் பார்த்த மாதிரி இரண்டடி பின்வாங்கி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். இப்போது சும்மா இருந்தால் போதும். ஜெயித்துவிடலாம். ஆனால் இப்படிச் சும்மா இருந்து ஜெயித்தவர் அவர் குடும்பத்தில் யாரும் இல்லை. ஜெயித்தவர்களே இல்லை என்பது வேறு விஷயம்.

"சம்பந்தி" என்றார், முதுகை நிமிர்த்தி. "நீங்க ஒப்படைச்ச செடி எங்க வீட்டுல செத்துப்போச்சு. தண்ணி ஊத்தியே கொன்னுட்டோம். நான் உங்களுக்குக் குடுத்தது கடையில வாங்கினது."

"தெரியும். அந்தக் கடைச் செடியும் என் வீட்டுல செத்துப்போச்சு."

"எப்படித் தெரிஞ்சுது?"

"செடி அழுகிக் கூழாயிடுச்சு, சம்பந்தி. பூ மட்டும் வாடவே இல்ல. செத்தவன் தலையில சிரிக்கிற பூவை நான் எங்கேயும் பார்த்ததில்ல." பல் டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "தினமும் தண்ணி ஊத்தினோம்னு நீங்க சொன்னது நிஜமா?"

"ஒரு வார்த்தை பொய்யில்ல."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் பல் டாக்டரின் தோள் குலுங்கியது. அடுத்து, நெட்டுக்குத்தாக உட்கார்ந்திருந்த அந்த முதுகும் முதன்முறையாக நாற்காலியில் சாய்ந்தது. சத்தம் உள்ளே கேட்டுவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"பெண்டுகளுக்குத் தெரிய வேண்டாம்" என்றார் பல் டாக்டர்.

"எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்."

"என் பொண்ணுக்குமா?"

"பசையைக் கண்டுபிடிச்சதே அவதான்."

பல் டாக்டர் மகளை நினைத்தோ என்னவோ, பெருமையாகத் தலையாட்டிக்கொண்டார். கள்ளியின் பக்கம் சாய்ந்து மஞ்சள் பூவை விரல் நுனியால் அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"உங்க நர்சரிக்காரன் ஒட்டு வழிஞ்சிருந்தது. இது பல்லுக்குப் போடுற சிமென்ட். என் கையாலயே ஒட்டினேன். பாறையைக் கடிச்சாலும் வராது."

இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். ரசமட்டம். தொட்டியின் விளிம்பில் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"பூ சரிதான், சம்பந்தி" என்றார். "தொட்டி கோணல்."