தண்ணீர்க் கதவில் நாகமணி

எண்பத்து நாலாம் வருஷம். மலேசியாவின் கோலா சிலாங்கூர் ஆற்றோரத் தோட்டமொன்றில், வாய்க்காலை ஆற்றில் திறந்துவிடும் தண்ணீர்க் கதவைப் பார்த்துவந்த இராமையா, காலில் ஆணி குத்திப் புரையோடி ஆஸ்பத்திரிக்குப் போனார். சாவி, பத்தொன்பது வயது மகள் நாகமணி கைக்கு வந்தது. லோரியில் ஏறும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: “வாய்க்கால் நாலடி தாண்டினா கதவத் தூக்கு. ஆறு வாய்க்காலவிட இறங்கினா தூக்கு.”

மறந்துவிடக் கூடாதென்று நோட்டில் எழுதினாள். வாய்க்கால் x, ஆறு y. x > 4. y < x. நடுவில் ‘மற்றும்’ போடுவதா, ‘அல்லது’ போடுவதா? போன வருஷம் கணக்குப் பரீட்சையில் அவள் தோற்றதே இந்த இடத்தில்தான். அப்பா தனித்தனியாகத்தானே சொன்னார் என்று ‘அல்லது’ போட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் மழை பிடித்தது. மூன்று மணிக்கு வாய்க்காலில் நட்ட அளவுக் கம்பு நாலரை அடி காட்டியது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் படியைத் தண்ணீர் தொட்டுவிட, ஜனங்கள் கரைக்குக் கீழே கூடிவிட்டார்கள். அங்கிருந்து ஆறு தெரியாது. வேலையை மேய்க்கும் மண்டோர் நாராயணசாமி, இன்னும் எதற்குக் காத்திருக்கிறாய் என்று அதட்டினார்.

பூட்டைத் திறந்து, கதவைத் தூக்கும் சக்கரத்தில் கை வைத்தவள், எதற்கோ வெளிப்பக்கம் எட்டிப் பார்த்தாள். கடல் ஏற்றத்தில் ஆறு, வெளிக்கம்பில் ஐந்தரை அடிக்கு வந்து கதவை முட்டிக்கொண்டிருந்தது.

x நாலரை, y ஐந்தரை. முதலாவது சரி, இரண்டாவது சரியில்லை. ‘அல்லது’ என்றால் ஒன்று போதும், தூக்கலாம். தூக்கினால் ஆறுதான் உள்ளே வரும். இரண்டும் சேர்ந்து வரவேண்டும். ‘மற்றும்’தான்.

“இப்பத் தூக்க மாட்டேன் மாமா. ஆறு இறங்கட்டும்.”

“வீட்டுக்குள்ள தண்ணி வந்தா நீயா பதில் சொல்லுவே?”

எத்தனையோ தடவை தப்பாய்ப் போட்டவள் இப்போது மட்டும் சரியாகப் போட்டிருப்பாளா? அவளுக்கே தெரியவில்லை. வாய்க்கால் நாலே முக்கால் அடி. ஐந்து அடி. லயத்து இராஜம்மா வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, அடைகாத்த கோழி முட்டையோடு போயிற்று. இராஜம்மா கரைக்குக் கீழே நின்று ஏசியது மழையிலும் கேட்டது. நாகமணி சக்கரத்தைக் கட்டிப் பிடித்தபடி ஆற்றையே பார்த்தாள்.

ஐந்தரை மணிக்கு ஆறு வாய்க்காலைவிட ஒரு சாண் இறங்கியது. இரண்டு கம்பையும் மூன்று தரம் பார்த்துவிட்டுச் சுழற்றினாள். தண்ணீர் இரைந்துகொண்டு வெளியே பாய்ந்தது. படி தெரிய ஆரம்பித்த பிறகும் அவளால் சக்கரத்தை விட முடியவில்லை. நாராயணசாமி மேலே ஏறிவந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.