முதல் பஸ்ஸில் போன பரபரப்பு

எங்கள் பள்ளிக் கபடி அணியின் பரபரப்பு, ஆட்டத்தன்று பிள்ளைகளுக்கு முன்னாலேயே கிளம்பி மைதானத்துக்குப் போய்விடும். பிள்ளைகள் ஏழு பேர், பரபரப்பும் ஏழு. பார்ப்பதற்கு அவர்களைப் போலவேதான் இருக்கும். தலை மட்டும் வாரியிருக்காது. போன இரண்டு வருஷமும் இறுதி ஆட்டத்தில் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவையே விளையாடித் தோற்றுவிட்டன. ஒரே அணி ஒரே ஆட்டத்தை இரண்டு தடவை ஆட முடியாது என்று நடுவர் சொல்லிவிட்டார். விளையாட்டு டீச்சர் நான் என்னதான் செய்ய, சொல்லுங்கள்?

இந்த வருஷம் விடுவதில்லை என்று இருந்தேன். இறுதி ஆட்டம். ஒரு கல்லூரிப் பயிற்சியாளர் வந்து, ஒரே ஒருத்தியைப் பார்த்துச் சீட்டும் ஹாஸ்டலும் தரப்போகிறார். பிளஸ் டூ முடிக்கும் எங்கள் கேப்டன் இசக்கியம்மாளுக்கு அது கிடைக்காவிட்டால் ஜூன் மாதம் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கப் போகவேண்டியதுதான்.

ஒரு வாரம் பயிற்சி கொடுத்தேன். மூச்சை மெல்ல வெளியே விடச் சொன்னால், அதோடு பரபரப்பும் வெளியே வந்து வராந்தாவில் நின்றது. சரி, இழுத்துப் பிடியுங்கள் என்றேன். இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அவர்களுடைய பரபரப்பே உட்கார்ந்து விசிறிவிட்டது. கண்ணை மூடி நூறு வரை எண்ணச் சொன்னால், அவை அறுபதிலேயே கேட்டைத் தாண்டின. எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

ஆட்டத்தன்று எட்டு மணி பஸ்ஸில் இசக்கி ஜன்னலோரம் கடலை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, படபடன்னு வருதா?"

"ஒண்ணுமே இல்ல டீச்சர். நல்லாத்தான் இருக்கேன்."

அப்படியானால் அது கிளம்பிப் போயாயிற்று. கண்டக்டரைக் கேட்டேன்.

"உங்க டீம் ஆறு மணி வண்டியிலயே போயிட்டுதே டீச்சர். ஒண்ணுகூட உக்காரல."

நாங்கள் போனபோது ஆட்டம் முடிந்திருந்தது. ஆனால் இந்தத் தடவை ஜெயித்திருந்தோம். எதிரணி டீச்சர் தன் பிள்ளைகளை அவ்வளவு நன்றாக அமைதிப்படுத்தியிருந்தார். பாதிப் பேர் ஆடுகளத்திலேயே தூங்கிவிட்டார்களாம்.

பயிற்சியாளர் இசக்கியின் பரபரப்பிடம் பெயர் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். நான் ஓடினேன்.

"சார், அது இசக்கியோட பரபரப்பு. இசக்கி இவதான்!"

"தெரியுது டீச்சர். இருபத்திரண்டு பாயிண்ட் எடுத்தது இதுதானே? சீட்டு ஒண்ணுதான் இருக்கு."

"அநியாயம் சார்! படிக்க வேண்டியவ இவ!"

அவர் படிவத்தைப் புரட்டினார். இசக்கி ஆறாம் வகுப்பில் ஆட ஆரம்பித்த அன்று வந்த பரபரப்பு அது. ஆறு வயதுதான் ஆகிறது. கார்டியன் கையெழுத்து வேண்டும் என்றார். இசக்கிக்கோ போன மாதம்தான் பதினெட்டு முடிந்து, கார்டியனாகும் வயது வந்திருந்தது.

"வாயத் திறந்து ஏதாச்சும் கேளேன்ட்டி! அழுதாவது தொலை!" என்று அவளைப் பிடித்து உலுக்கினேன். எரிச்சலில் எனக்குத்தான் அழுகை வந்தது. அவளுக்கு எதுவும் வரவில்லை. பேனாவை வாங்கி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

"உறவுங்கிற இடத்துல என்ன போடணும் சார்?"

"அது உன்கிட்டயிருந்து வந்ததுதானேம்மா?" என்றார். இசக்கி 'தாய்' என்று எழுதினாள்.