மூன்று பெட்டிக்கும் ஒரே நல்ல நேரம்

திராட்சைக்கு லாரியில் இடம் பிடிக்க மூன்று சர்வர் எதற்கு என்று தேனி பஜாரில் கேட்காத ஆள் இல்லை. கேட்டவர்கள் யாரும் சீசன் காலையில் சண்முகராஜின் பழமண்டியில் நின்று பார்த்ததில்லை. பள்ளத்தாக்கு முழுக்க ஒரே நேரத்தில் போனை அமுக்கும். பழைய கம்ப்யூட்டர் மூச்சை நிறுத்திவிடும். ஒரே லாரியின் ஒரே மூலைக்கு நாலு தோட்டக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். அந்தச் சண்டை முடியும்வரை பழம் காத்திருக்காது.

அதற்காகத்தான் யுவராணியை வேலைக்கு எடுத்தார் முதலாளி. சென்னையில் பெரிய கம்பெனிகளுக்கு இதே வேலையைச் செய்தவள். பதிவு அத்தனையையும் மெமரியிலேயே வைத்தாள், கேட்ட மாத்திரத்தில் பதில் வரும். தேனி, ஓடைப்பட்டி, காமயகவுண்டன்பட்டி என்று மூன்று ஆபீஸில் மூன்று சர்வர், ஒவ்வொன்றிலும் முழு நகல். ஒன்று படுத்தால் மற்ற இரண்டும் தாங்கும். இரண்டு படுத்துவிட்டால் மிஞ்சிய ஒன்று பதிவைப் பத்திரமாக வைத்திருக்கும், ஆனால் துணைக்கு இன்னொன்று எழுந்து வரும்வரை வாயைத் திறக்காது. தனியாக இருந்து எதையாவது தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று அப்படி அமைத்திருந்தாள். மூன்றுமே ஒரே நேரத்தில் படுத்தால்? போச்சு. கரண்ட் இருக்கிறவரைக்கும்தான் மெமரிக்கு நினைவு. டிஸ்கில் ஒரு நகல் எழுதிவைக்கிற வேலையைத் தீபாவளிக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டிருந்தாள் மகராசி. மூன்று ஊரில் இருக்கும் மூன்று பெட்டி ஒரே நேரத்தில் படுக்க என்ன பூகம்பமா வரப்போகிறது?

பூகம்பம் வரவில்லை. ஆயுத பூஜை வந்தது.

"பூஜை வரைக்கும் ஒரு கொறையும் இல்லாம ஓட்டிக் காட்டு தாயி, வேலை நெரந்தரம்" என்று முதலாளி சொல்லியிருந்தார். இல்லையென்றால் திரும்பவும் சென்னைதான். சென்னை என்றால் மகளைக் கம்பத்தில் அத்தையிடம் விட்டுவிட்டு, திரும்பவும் போனில்தான் பார்க்க வேண்டும். ஒருமுறை லீவில் கம்பத்துக்கு வந்தபோது, அந்தக் குழந்தை இவளைக் கண்டதும் அத்தையின் சேலைக்குள் ஒளிந்துகொண்டு, போனைக் காட்டி, "எங்கம்மா இதுக்குள்ள இருக்கு" என்றது. யுவராணி அன்று அழுத அழுகை பக்கத்துத் தெருவரை கேட்டது. இப்போது அந்தப் பிள்ளை தினமும் இவள்மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறது.

பூஜைக்கு முந்தின வாரம் ஓடைப்பட்டி ஆபீஸிலிருந்து பலவேசம் போன் செய்தான். "யக்கா, பூஜைக்குப் பெட்டிய ஆஃப் பண்ணச் சொல்லி மொதலாளி சொன்னாக. பண்ணலாமா?"

"தாராளமாப் பண்ணு. மத்த ரெண்டும் தாங்கும்."

மறுநாள் காமயகவுண்டன்பட்டியிலிருந்து அம்மாவாசி கேட்டார். அவருக்கும் அதே பதில். அப்புறம் முதலாளியே நேரில் கேட்டார். அவருக்கும் அதையே, கொஞ்சம் சிரித்துக்கொண்டு சொன்னாள். அந்த வாக்கியத்தின்மேல் அவளுக்கு அவ்வளவு பெருமை. ஆளாளுக்கு ஒரு நேரத்தில் சாமி கும்பிடுவார்கள் என்று நினைத்திருப்பாள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் அப்படி நினைக்கலாமா? மூன்று ஆபீஸ் சுவரிலும் தொங்குவது சண்முகராஜ் பழமண்டி அச்சடித்துக் கொடுத்த ஒரே நாள்காட்டி. அன்று சாயங்காலத்துக்கு அதில் ஒரே ஒரு நல்ல நேரம்தான் போட்டிருந்தது.

தேனி ஆபீஸில் முதலாளி தன் கையாலேயே சர்வரை அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார். யுவராணி கன்னத்தில் போட்டுக்கொண்டு பொரிகடலையை வாயில் போடும்போது போன் அடித்தது. ஓடைப்பட்டி மாயக்காள், திராட்சைத் தோட்டக்காரி.

"ஏத்தா, நாளைக்கு எந் தோட்டத்துல காய் வெட்டுறோம். ஆளெல்லாம் சொல்லிட்டேன். எந்த லாரின்னு பாத்தா போனு சுத்திக்கிட்டே கெடக்கு. என்னான்னு பாரு."

லேப்டாப்பைத் திறந்தாள். எந்தச் சர்வரும் பதில் சொல்லவில்லை. ஆபீஸ் குரூப்பில் பூஜைப் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஓடைப்பட்டி சர்வருக்கு ரோஜா மாலை, விளக்கு எதுவும் எரியவில்லை. காமயகவுண்டன்பட்டி சர்வருக்குக் கதம்ப மாலை. போச்சுடா சாமி, மூன்றும் போச்சு என்று உட்கார்ந்துவிட்டாள். மகளின் ஸ்கூல் பேக்கை யார் தினமும் எடுத்துவைப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் கடைசிப் படத்தை விரல்களால் பெரிதாக்கினாள். மாலைக்கு நடுவே பச்சை விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. துணை இல்லாததால்தான் அது வாயைத் திறக்கவில்லை.

அம்மாவாசி இரண்டாவது அழைப்பில்தான் எடுத்தார்.

"அண்ணே, பெட்டிய ஆஃப் பண்ணலையா?"

"ஆத்தா, ஒன்னையக் கையெடுத்துக் கும்பிடுறேன், மொதலாளிகிட்டச் சொல்லிராத. பங்காளி வீட்ல பெருசு ஒண்ணு போயிருச்சு. பதினாறு முடியல, தீட்டு. நான் எப்படிப் பூஜை போட? படம் அனுப்பலன்னா வைவாகளேன்னு பக்கத்துக் கடை டெய்லரை விட்டு மாலைய மட்டும் போடச் சொன்னேன். சாமிக்குப் போட்டதத் தொடப் பயந்து நான் சுவிட்சுல கையே வைக்கல."

"ரொம்ப நல்ல காரியம் பண்ணுனீக!"

"எது, செத்ததா?"

"அய்யோ, தொடாம இருந்தது. இனியும் தொட்றாதீக."

"நான் தொடல. ஆனா இங்கன கரண்ட் போயி அரை மணி நேரமாச்சு. பேட்டரிப் பெட்டி கீச்சு கீச்சுன்னு கத்துது."

அந்தப் பேட்டரி சாவதற்குள் மற்ற இரண்டும் எழுந்து நகல் வாங்கியாக வேண்டும். யுவராணி முதலாளியிடம் ஓடினாள்.

"பூஜை போட்டத விடிஞ்சுதான் தொடணும்" என்றார் அவர் சுண்டலை மென்றுகொண்டே. "இதென்ன வெளையாட்டா?"

ஜன்னலுக்கு வெளியே டிரைவர் ஒருவர் லாரிச் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, லாரிக்குப் பூஜை போட்டதும் பழத்து மேல ஏத்தி ஒரு ரவுண்டு எடுக்கச் சொல்றீகல்ல? இதுக்கு எடுக்க வேணாமா? நல்ல நேரம் முடியப் போகுது."

சண்முகராஜ் மெல்லுவதை நிறுத்தினார். "அட, ஆமா. யாருமே சொல்லலையே!" என்று தானே எழுந்து சர்வருக்கு முன்னால் இரண்டு எலுமிச்சம்பழத்தை வைத்தார். ஏற்றி நசுக்கச் சக்கரம் இல்லாததால் காலால் மிதித்தார். யுவராணி சுவிட்சை அமுக்கினாள். அதற்குள் அவர் பலவேசத்தைப் பிடித்து, "ஏலே, பழம் வச்சு, பெட்டிய ஆன் பண்ணி ஒரு ரவுண்டு எட்றா" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

தேனிச் சர்வர் எழுந்தது, காமயகவுண்டன்பட்டியைக் கண்டுபிடித்து நகலை வாங்க ஆரம்பித்தது. ஓடைப்பட்டியும் வந்து சேர்ந்துகொண்டது. இரண்டும் வாங்கி முடித்த கொஞ்ச நேரத்தில் காமயகவுண்டன்பட்டி அணைந்தது. "சத்தம் நின்னுருச்சு ஆத்தா" என்றார் அம்மாவாசி போனில். மாயக்காளுக்கு லாரி நம்பர் வந்துவிட்டது. யுவராணி சுவரோரம் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். கற்பூரப் புகை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அன்று வீட்டுக்குப் போகுமுன் முதல் வேலையாக டிஸ்கில் எழுதும் ஏற்பாட்டைச் செய்து முடித்தாள்.

அடுத்த நாள் முதலாளி அவளைக் கூப்பிட்டு நிரந்தர வேலைக்கான உத்தரவைக் கொடுத்தார். "பாத்தியா தாயி, பூஜையோட மகிமைய? கரண்டு போயும் ஒரு பேரு தப்பல. அடுத்த வருசம் மூணு ஆபீஸ்லயும் ஒரே நேரத்துல, வீடியோ போட்டு, நான் சொல்லச் சொல்ல ஆஃப் பண்ணணும். அது ஒம் பொறுப்பு."

"சரிங்க மொதலாளி" என்றாள் யுவராணி. வேறென்ன சொல்வாள்? உண்மையைச் சொன்னால் அம்மாவாசிக்கும் வேலை போகும், இவளுக்கும் போகும்.

டிஸ்க் இருக்கிறதுதான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. வெளியே வந்து அம்மாவாசிக்குப் போன் போட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே, அடுத்த வருசமும் நீங்க மட்டும் ஆஃப் பண்ணாம இருக்க முடியுமா?"



"எங்க பெரியப்பா ஒருத்தரு இருக்காரு" என்றார் அம்மாவாசி. "ஆனா ஆளு நல்லா நடமாடிக்கிட்டு இருக்காரே ஆத்தா."